கரிக்கடல் பாட்டில் வரும் ஊர்கள்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் ஐந்நூறு ரூபாய்க்குள் போய்வரக்கூடிய ஊர்கள். திருத்தணி, சோளிங்கர், ஒருமுறை பழவேற்காடு. பழவேற்காட்டில் படகில் ஏறி நான் வாந்தி எடுத்த கதையைத்தான் அதிகம் பேர் படித்தீர்கள். அரக்கோணத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவன், பத்தாவதை இரண்டு தவணையில் முடித்தவன் எழுதுவதை நாலு பேர் படிப்பதே பெரிய விஷயம். ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வடசென்னைக்குப் போனது சுற்றிப் பார்க்க இல்லை. இப்போது ‘கரிக்கடல்’ பாட்டைக் கேட்டுவிட்டு நிறைய பேர் எண்ணூர் பக்கம் தேடிப் போவதாகக் கேள்வி. போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரங்கல் எழுதுகிறவர்களும் கொஞ்சம் பொறுங்கள்.

கரிக்கடல் என்பது என் மூத்த மகள் மேகலா தனியாகச் செய்யும் இசை. ஆஸ்பத்திரியில் மகன் என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வயதில், இல்லை, மகள் என்று அவளே வந்து சொன்னாள். வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு மனிதர்கள் கூட்டமாக இருந்தாலே ஆகாது, அவ்வளவுதான். நாலு வருடமாக எண்ணூர் பக்கம் எங்கேயோ ஒற்றை அறையில் இருக்கிறாள். விலாசம் சொல்லமாட்டாள், மேடை ஏறமாட்டாள், முகம் காட்டமாட்டாள். கப்பல் ஊதுவது, சர்ச் மணி, சாவு மேளம் எல்லாவற்றையும் பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டு, அதன்மேல் கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுவது போலப் பாடுவாள். காத்திக் (Gothic) இசை என்கிறார்கள், சாவையும் இருட்டையும் பாடுகிற வகையாம். எனக்கு என் கடை கம்ப்ரஸர் பழுதான மாதிரி கேட்கும். அவளிடமே சொன்னேன். “அந்த சத்தம்தான்பா வேணும்” என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி கஸ்தூரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே மகளின் புதுப் பாட்டைக் கேட்டாள். பாதியில் கத்தியை வைத்துவிட்டு, “ஏங்க, இதக் கேளுங்க” என்று ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள்.

மரண கானா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடிய பாடுவார்கள். இறந்தவர் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர் எல்லாம் பாட்டுக்குள் வரும். இந்தப் பாட்டில் வந்தது எங்கள் பிள்ளையின் பழைய பெயர். அடுத்து என் பெயர். அடுத்து கஸ்தூரி பெயர். பாட்டுக்கு அட்டைப் படமாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் பள்ளிக்கூடத்தில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோ. அன்றைக்குத் தலை வாரிவிட்டவன் நான்தான், வகிடு கோணல். ‘மறைவு’ என்று இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதி.

போன் செய்தோம். ஸ்விட்ச் ஆஃப். பாட்டுக்குக் கீழே யார் யாரோ ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். போலீஸுக்குப் போகலாமா என்றேன். எந்தப் பெயரைச் சொல்லித் தேடச் சொல்வது என்பதிலேயே இரண்டு பேரும் முழித்தோம்.

கஸ்தூரி அழவில்லை. பீரோவைத் திறந்து, பிரிக்காத புதுப் புடவை ஒன்றை எடுத்து என் பையில் வைத்தாள். மகள் உயிரோடு இருந்தால் கட்டிக்கொள்வாள். இல்லையென்றாலும் போர்த்துவதற்குப் புதுப் புடவைதானே வேண்டும்.

அரக்கோணத்தில் காலை 6.20-க்குக் கடற்கரை போகும் மின்சார ரயில். சென்ட்ரலில் இறங்கி அலைய வேண்டாம், இந்த வண்டியே ராயபுரத்தில் நிற்கும். டிக்கெட் இருபது ரூபாய். ராயபுரம் ஸ்டேஷன் 1856-இல் திறந்தது, பெரிய தூண்கள், பார்க்கவேண்டிய இடம் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. போனில் அந்தப் போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நடந்ததில் ஒரு மீன் கூடைமேல் இடித்து, கூடைக்காரம்மாவிடம் நாலு வார்த்தை வாங்கினேன். போஸ்டரின் அடி ஓரத்தில், எப்போதும் போல, அச்சகத்தின் பெயர் பொடியாக இருந்தது. ராயபுரம். என் கையில் இருந்த ஒரே விலாசம் அதுதான்.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்த அச்சகம். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. ஆச்சரியப்பட்டேன். உள்ளே இருந்தவர், “சாவு இன்னா நைனா, லீவு பாத்தா வருது?” என்றார். போனைக் காட்டினேன்.

“இதுவா? ஒரே ஒரு போஸ்டருதான் அட்ச்சேன். செவுத்துல ஒட்டறதுக்கு இல்லன்னாரு. தகரம் மூர்த்தி தெரியுமா, சாவுக்குப் பாட்றவரு? அவருதான் ஆர்டர் குட்த்தாரு. திருவொற்றியூர்ல கீறாரு.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நீ யாரு?”

“அப்பா.”

அவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். “குந்து நைனா. டீ சொல்றேன்.” அந்த டீக்குக் காசு வாங்கவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் ஏழு கிலோமீட்டர். பஸ்ஸில் போனேன், பதிமூன்று ரூபாய். இடது பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், வலது பக்கம் கடல் வந்து வந்து மறையும். ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள், இறங்கும்போது சட்டைக் காலர் கறுத்திருக்கும். மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் கேஸ் அடுப்பை மூட மறந்த வாசனை. அந்தக் காற்றில்தான் என் பிள்ளை நாலு வருடமாக மூச்சு விடுகிறாள், விட்டாள், எந்தச் சொல்லைப் போடுவது என்று மண்டைக்குள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போனேன்.

மூர்த்திக்கு அறுபது வயது இருக்கும். வாசலில் உட்கார்ந்து சட்டி மேளத்தை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னதும், “அட, பாட்டுல பாடுன பேரு!” என்று எழுந்துவிட்டார்.

“யாரு செத்தது, சொல்லுங்க” என்றேன்.

“பேஜாரு ஆவாத நைனா. நா எத்தினியோ சாவுக்குப் பாடிகீறேன். பொணம் இல்லாத சாவு இது ஒண்ணுதான். பாட்றதுக்கு முன்ன அப்பா பேரு, அம்மா பேரு கேப்பேன்ல? உம் பொண்ணு எதுர குந்திக்கினு அதுவே சொல்லிச்சி. ‘அந்தப் பையன் பூட்டாண்ணா, அவனுக்கு யாருமே அழல, நீ பாடு’ன்னுச்சி. நானும் இன்னா பண்றது, பாடிட்டேன்.”

நான் சட்டி மேளத்துமேலேயே உட்காரப் போனேன், அவர் பிடித்துத் தள்ளி உட்காரவைத்தார்.

“போன் ஏன் எடுக்கல?”

“சாவு வூடு கணக்கா அது பதினாறு நாளு துக்கம் காக்குது, போனத் தொடல. இன்னிக்குத்தான் பதினாறு. காரியத்துக்கு நானும் போவணும்.” என் பையைப் பார்த்தார். புடவையின் கரை வெளியே தெரிந்தது. “பொறந்த வூட்டுக் கோடி எடுத்துக்கினு வந்துகீற! உம் பொண்ணு, யாரும் வரமாட்டாங்கன்னுச்சி.”

பதினாறாம் நாள் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி வருவது வழக்கம், அதைத்தான் கோடி என்பார்கள். கஸ்தூரி நாள் எண்ணி வைத்தாளா, தெரியாமல் வைத்தாளா, இன்றுவரை சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஷேர் ஆட்டோவில் எண்ணூர், தலைக்கு முப்பது ரூபாய். முகத்துவாரத்துக்கு அங்கிருந்து கொஞ்சம் நடை. மதியம் மூன்று மணி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் சேறு சாம்பல் நிறத்தில். தண்ணீர் ஓரம் கறுப்புச் சுடிதாரில் ஒருத்தி, காதில் பெரிய ஹெட்போன், கையில் ஒரு கழி, கழி நுனியில் மைக்.

“மேகலா! கோடி வந்துகீது பாரு!” என்று மூர்த்தி கத்தினார்.

திரும்பினாள். மெலிந்திருந்தாள். “அப்பா... பயந்துட்டியா?”

“இல்ல. சும்மா கடல் பாக்க வந்தேன்.”

“பாட்டு தானா வெளியாகற மாதிரி தேதி வச்சிருந்தேம்பா. போன் ஆஃப்ல இருந்துச்சு. நாளைக்குக் கூப்ட்டு எல்லாத்தையும் சொல்லலாம்னு...”

“சாவு சேதிய முதல்ல அனுப்பிட்டு விளக்கத்த அப்புறம் அனுப்புவியா? உங்கம்மா ராத்திரி முழுக்க உக்காந்தே இருந்தாடி!” என்று கத்தினேன். கத்தி முடித்தபோதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. என் போனில் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். “இருக்கேம்மா” என்றாள்.

புடவையை வாங்கிச் சுடிதாருக்கு மேலேயே தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு பழைய பள்ளிக்கூடச் சட்டையைத் தண்ணீரில் விட்டாள். மூர்த்தி பாடாமல், மேளத்தை விரலால் மட்டும் தட்டினார்.

“அப்பா, ஒரு உதவி. சின்ன வயசுல சாப்பிடக் கூப்பிடுவியே, அதே மாதிரி அவன ஒரு தடவை கூப்பிடு. பதிவு பண்ணிக்கிறேன்.” மைக்கை என் பக்கம் நீட்டிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து நின்றாள்.

கூப்பிட்டேன். பழைய பெயரைச் சொல்லி, தெருக்கோடியில் விளையாடும் பிள்ளைக்குக் கேட்கிற குரலில். அவள் திரும்பவில்லை. தோள்கூட அசையவில்லை. நான் மறுபடி வாயெடுத்தேன். மூர்த்தி கையைப் பிடித்தார். “போதும் நைனா. போனவங்கள ஒரு தபாதான் கூப்டணும்.”

திரும்பும் ரயிலில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். திருவள்ளூர் தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். “பையன் தவறிட்டான்” என்றேன். உச்சுக்கொட்டினார். “பொண்ணு இருக்கா” என்றும் சொன்னேன். அவருக்குக் குழப்பம்தான். எனக்கு இரண்டுமே உண்மையாக இருந்தது.

போகிறவர்களுக்கு: சாப்பாடு சேர்த்து முந்நூறு ரூபாய் போதும். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு வேண்டாம். ஒரு கர்ச்சீப் வைத்துக்கொள்ளுங்கள், அழுகைக்கு இல்லை, தூசிக்கு. மேகலாவின் வீடு எது என்று யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டால் தப்பான தெருவைக் காட்டச் சொல்லி மூர்த்தியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இரங்கல் எழுதியவர்கள் அழிக்கவேண்டாம் என்கிறாள், அந்தப் பையனுக்கு யாராவது அழவேண்டும் அல்லவா. பழைய பெயரை மட்டும் நான் இங்கே எழுதமாட்டேன். பாட்டின் புதுப் பதிவில் கடைசியாக ஒரு கரகரத்த ஆண் குரல் வரும். அது நான்தான். கூப்பிட்ட பிறகு அலைச் சத்தம் மட்டும் கேட்கும். யாராவது பதில் சொல்வார்களா என்று சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.