அப்பா பேப்பர் படிக்கிறார்

பூர்ணாவைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்றால் அவளே நம்பமாட்டாள். நான் எழுதுகிறேன். வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

சிகந்திராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவள். கணக்கு டீச்சராக இருந்தாள்; அப்பாவுக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டாள். அப்பா காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்தில் அவருக்குப் பெற்ற மகளையே தெரியாது. "நீங்க யாரும்மா, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று பூர்ணாவிடம் கேட்பாராம்.

கேட்பாராம் என்றுதான் சொல்லமுடியும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அப்போது தெரியாது. எல்லாம் அவள் தம்பி உமேஷின் கட்டளை. அவன் மகள் வர்ஷினிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். "தாத்தாவுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு தெரிஞ்சா எவன்க்கா பொண்ணு எடுப்பான்? வெளிய மூச்சு விடாதே" என்றான். இவளும் விடவில்லை. டாக்டரிடம்கூட அழைத்துப் போகவில்லை. தினமும் காலையில் அப்பாவைக் குளிக்கவைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, வராந்தா நாற்காலியில் உட்காரவைத்து, கையில் இங்கிலீஷ் பேப்பரைக் கொடுத்துவிடுவாள். தலைகீழாகப் பிடித்தால் சலீம் வந்து திருப்பிக் கொடுப்பான். அவரைக் கவனித்துக்கொள்ள வைத்திருந்த ஆள் அவன். அப்பா எப்படி இருக்கார் என்று யார் கேட்டாலும் பூர்ணாவிடம் ஒரே பதில்தான். "நல்லா இருக்கார். பேப்பர் படிக்கிறார்." நானும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவருக்குக் கையாட்டியிருக்கிறேன்.

வர்ஷினி கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அப்பா போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். பதின்மூன்றாம் நாள், சாப்பிட்ட இலையைக்கூட எடுக்கவில்லை, உமேஷ் உயிலை எடுத்து நீட்டினான். வீடு முழுக்க அவனுக்கு. பதிவு செய்த உயில். வீட்டை இடித்துப் பில்டருக்குக் கொடுக்கப்போகிறானாம். அக்கா நல்ல ஹாஸ்டலாகப் பார்த்துக்கொள்ளவேண்டுமாம். தலை நரைத்தவளுக்கு ஹாஸ்டல். சொல்ல அவனுக்கு வாய் கூசவில்லை.

உயிலின் தேதியைப் பார்த்ததும்தான் பூர்ணாவுக்கு உறைத்தது. அன்றைக்குக் கோயிலுக்கு என்று சொல்லி அப்பாவைக் காரில் அழைத்துப் போனான் உமேஷ். தாங்கிப் பிடித்துக்கொள்ளச் சலீமும் போனான். கோயில் இல்லை, ஏதோ ஆபீஸ், 'இது எந்த ஸ்டேஷன்' என்று அய்யா எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சலீம் திரும்பி வந்து சொல்லியிருக்கிறான். பேங்க் வேலையாக இருக்கும் என்று இந்த அசடு விட்டுவிட்டாள்.

"அழுதது போதும், வக்கீலைப் பார்" என்றேன். என் மகளோடு படித்த அனுபமா சிவில் வக்கீல். தெலுங்குப் பெண், கெட்டிக்காரி. போன் போட்டேன். என்னென்ன தயார் செய்யவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். நடந்ததையெல்லாம் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதவேண்டும். காகிதங்களின் நகலைக் கொண்டுபோகவேண்டும், அசல் வீட்டிலேயே இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். எந்த வக்கீலாக இருந்தாலும் சரி, உட்கார்ந்ததும், எதிர்த்தரப்பு உங்களிடம் வந்திருக்கிறதா என்று கேட்டுவிடவேண்டும். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும்.

பூர்ணாவுக்கு அனுபமா வேண்டாமாம். "எனக்குத் தெலுங்குல அழ வராது உஷா. நம்ம வைத்தியநாதன் சார் இருக்காரே" என்றாள்.

வைத்தியநாதன் சிகந்திராபாத்தில் பழைய தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் வக்கீல். பொங்கல் விழா மேடையில் முதல் நாற்காலி அவருக்கு. நம்மவர் என்றால் நம் கஷ்டம் புரியும் என்று நாங்கள் எல்லோரும் நினைப்பதுதான். சரி, போ என்றேன்.

என் சமையலறையில் ஒத்திகை நடந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் வக்கீல். "சொல்லும்மா, என்ன பிரச்சனை?" என்றால், உமேஷுக்கு மூன்று வயசில் கக்குவான் இருமல் வந்ததிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

"கோர்ட்டுக்குக் கக்குவான் இருமல் கைக்குடி, எதுக்குடி?" என்றேன்.

"ஹவ், அது நக்கோ, வேண்டாம்" என்று அவளும் இந்த ஊர் இந்தியிலேயே சொல்லிச் சிரித்தாள். பூர்ணா சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அந்த முதல் கேள்வியைத் தாளின் தலையிலேயே எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு நெளிந்தாள். "அவ்வளவு பெரியவரைப் போய் இப்படிக் கேக்கறதா? அசிங்கமா இருக்காது?"

"கேளுடி. வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"சரி, கேக்கறேன்."

கூடவே போனேன். குடும்ப விஷயம், நீங்கள் வெளியே இருங்கள் என்று குமாஸ்தா என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டான். உள்ளே காபி போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காபி போனது. நல்லபடியாகக் கேட்கிறார் போல என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

வெளியே வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே நடந்ததை அங்கேதான் சொன்னாள்.

"வாம்மா, ராஜகோபால் பொண்ணா, சின்ன வயசுல பார்த்தது" என்றிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கு உருகிவிட்டாள். கேள்வியைக் கேட்கவே இல்லை. எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். டாக்டரிடம் காட்டவில்லை, ஒரு சீட்டு கிடையாது. அப்பாவின் நிலை தெரிந்த ஒரே வெளியாள் சலீம். போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் அண்ணனோடு இருக்கிறான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பேனாவை மூடிவிட்டு மனுஷன் சொன்னாராம்: "உமேஷ் முன்னாடியே வந்துட்டாம்மா. நான் அவனுக்குத்தான் ஆஜராகறேன். அக்கா வேற எங்கயும் போகமாட்டா, உங்ககிட்டதான் வருவான்னு சொன்னான். வந்துட்டே."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீ கேக்கலையேம்மா. அப்பா பேப்பர் படிக்கிறார்னு போன வருஷம் என்கிட்டயே போன்ல சொன்னியே, அது ஞாபகம் இருக்கா?"

கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகலாமா என்று இருந்தது எனக்கு. பூர்ணா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சண்டை வேண்டாமாம், நாலு பேர் பார்ப்பார்களாம்.

மறுநாள் விடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போவன்பள்ளிக்கு ஓடினோம். முட்டைக்கோஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான் சலீமின் அண்ணன். நேற்று சாயங்காலமே கார் வந்ததாம். பெங்களூரில் வாட்ச்மேன் வேலை, தங்க இடம் உண்டு, உடனே கிளம்பு என்று அழைத்துப் போய்விட்டார்களாம். சலீமின் போனும் அணைந்து கிடந்தது.

அனுபமாவிடம் போய் நின்றோம். வக்கீல் மேல் புகார் கொடுக்கலாம், ஆனால் அறைக்குள் நடந்ததற்குச் சாட்சி யார் என்று கேட்டாள். உயிலை எதிர்த்து வழக்குப் போடலாம். ஆனால் வழக்குப் போடுகிற பூர்ணா சொன்னால் மட்டும் எடுபடாது, அப்பாவுக்கு நினைவு இல்லை என்று சொல்ல வெளியாள் ஒரே ஒருவராவது வேண்டும் என்றாள். பார்த்தவர்கள் எல்லோரும் பேப்பரைத்தான் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உமேஷ் என் வீட்டு கேட்டில் வந்து நின்றான். பூர்ணா அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உஷாக்கா, கேஸ் வந்தா உங்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவோம். பொய் சொல்லவேணாம். காலையில அப்பா வராந்தாவுல என்ன பண்ணிட்டிருந்தார்னு நீங்க பார்த்ததை மட்டும் சொன்னாப் போதும்."

"நீ நல்லா இருக்கமாட்டேடா" என்றேன். வேறு என்ன சொல்ல? நான் பார்த்தது அதுதானே.

அவன் கோபப்படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பினான். "அக்கா, வர்ஷினிக்கு வளைகாப்பு வச்சிருக்கு. நீ வராம எப்படி? அவ மாமியார் வீட்டுல ஏதோ காதுல விழுந்திருக்கு போல. தாத்தா கடைசிவரைக்கும் தெளிவா இருந்தார்னு நீயே நாலு பேர் முன்னால சொல்லிடு. நான் சொன்னா நம்பமாட்டாங்க."

நான் பூர்ணாவைப் பார்த்தேன். கையிலிருந்த ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"வரேன்" என்றாள்.

அவன் போனதும் கத்தினேன். உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டேன். "குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு உஷா? அவ அங்க வாழணும்" என்றாள்.

போனாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். கூடம் நிறைய ஜனம், வைத்தியநாதனும் குடும்பத்தோடு வந்திருந்தாராம். வர்ஷினியின் மாமியார் கேட்டிருக்கிறாள். இவளும் சொல்லியிருக்கிறாள்: நல்லா இருந்தார், தெளிவா இருந்தார், கடைசி நாள் வரைக்கும் பேப்பர் படிச்சார்.

திரும்பி வந்து, வளையல்களைக் கழற்றாமல், என் சமையலறையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.

"ஹாஸ்டல்ல எனக்கு ஒரு ரூம் பாரு உஷா" என்றாள். "கீழ் ரூமாப் பாரு. மாடி ஏற முடியல."