துரையின் பெட்டிக் கட்டில்

நேற்று மாலை நாலு இருபதுக்கு என் ஏழு வயது மகள் பெட்டிக் கட்டிலுக்குள் ஏறி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு கதவு திறக்கவில்லை. இப்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறாள்.

ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்தில் குளிருக்குப் பயந்து அலமாரி மாதிரியான கட்டிலுக்குள் படுத்திருக்கிறார்கள். சுற்றிலும் பலகை, மேலே கூரை, முன்னால் பக்கவாட்டில் நகரும் கதவுகள், மூச்சுவிட இதய வடிவில் ஒரு துளை. அந்த ஊர்த் துரை ஒருவர் எங்கள் ஊர் லாபு ரப்பர் தோட்டத்துக்கு மானேஜராக வந்தபோது, ஊர் ஞாபகத்தில் இங்கேயும் ஒன்று செய்துகொண்டார். இந்தப் புழுக்கத்தில் எப்படித்தான் படுத்தாரோ! பங்களாவை இடித்தபோது என் மாமனார் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குள் தூங்குவது தலையணைகள் மட்டும்தான்.

தீபாவளி நெருங்குகிறது. எங்களுக்குச் சுத்தம் என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான். காலையில் தரை, சுவர், நாற்காலி என்று கழுவிக்கொண்டே போனவன், அதே வேகத்தில் கட்டிலையும் குளிப்பாட்டிவிட்டேன். மரம் ஊறிக் கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டது.

மகளுக்கு இளைப்பு உண்டு. என் பயமெல்லாம் அதுதான். துளை வழியாக இன்ஹேலரை உள்ளே போட்டேன்.

"இது வேணாம்பா. ஐஸ்கிரீம் குடுங்க. இங்க ஜாலியா இருக்கு லா!"

சற்று நேரத்தில் அந்தக் குரலோடு ஒரு விசில் சத்தமும் சேர்ந்தது. "இன்ஹேலர அடிச்சுக்கோ, கண்ணு!" என்று கத்திவிட்டுக் கோடாலியைத் தூக்கினேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

"ஐயோ தம்பி, கீழ போடுங்க! உள்ள பிள்ள இருக்கு!"

"வேற எப்படிக்கா திறக்கிறது?"

"எண்ணெய் ஊத்துங்க."

"ஊத்தியாச்சு."

"நெய்?"

"அக்கா, இது கதவு, தோசை இல்ல!"

உள்ளே மகள் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி நீண்டது.

அப்போதுதான் சிரம்பானில் வேலை முடிந்து மனைவி வந்து சேர்ந்தாள். தோள்பையைக்கூட இறக்கவில்லை. துளையில் காதை வைத்து மகளின் மூச்சைக் கேட்டாள். பிறகு என்னையும் எண்ணெய் வழியும் கதவையும் பார்த்தாள்.

"முன்னால நின்னு ஏங்க மல்லுக்கட்டுறீங்க? கரையான் அரிச்சிருச்சுன்னு பின்பக்கம் பிளைவுட் அடிச்சது நீங்கதானே! கட்டில சுவரவிட்டு இழுங்க, சீக்கிரம்!"