படத்தில் என் பாதி

விமானப்படையில் என்னோடு மெக்கானிக்காக இருந்த வேப்பந்தட்டைக்காரன், எழுபதுகளின் கடைசியில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனான். அடுத்த லீவில் நான் அரியலூர் வந்ததைக் கேள்விப்பட்டு, அவன் அப்பா பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"யூனிபார்ம்ல அவன் படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்லீங்க தம்பி. இருந்தா குடுங்க, மாலை போட்டு மாட்டணும்."

இருந்தது. நாங்கள் இருவரும் தோளில் கை போட்டு எடுத்த ஒரே படம், உள்ளே என் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. உயிரோடு இருக்கிற என் முகத்துக்கும் சேர்த்து மாலை விழுந்துவிடுமே என்று பயந்தேன்.

"இல்லீங்கய்யா" என்றேன்.

என்னை நல்லா இருங்க என்று வாழ்த்திவிட்டு அவர் போனார். அன்றே என் யூனிபார்மைக் கொளுத்தியிருக்க வேண்டும்.

மூன்று வருடம் கழித்து அந்தப் படத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பெட்டிக்கு அடியில கெடந்துச்சுங்க" என்று அப்போதும் ஒரு பொய். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கத்தரிக்கோல் எடுத்துவந்து படத்தை நடுவே வெட்டினார்.

"உசுரோட இருக்குற புள்ளைக்கு மாலை விழக்கூடாது" என்று என் பாதியை என்னிடம் நீட்டினார்.

அதில் என் தோள்மேல் அவன் கை இருந்தது.