மெட்டில்டா சொன்ன ஒன்பதாவது கதை

மெட்டில்டாவுக்கு அறுபத்தேழு வயது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் கடைசி ஆறு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. இதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. கேட்காதவர்களிடமும் சொல்வாள், ஏனென்றால் அடுத்து வரும் பேச்சுக்கு அது தேவைப்படும்.

"மூணாங்கிளாஸ் படிச்சவ வெச்ச பார்லருங்க இது. இந்த ரோட்டுல எத்தன பட்டதாரிக கடை தெறந்து மூடிட்டுப் போனாங்கன்னு வெளிய போயி கேட்டுப் பாருங்க."

குன்னூரில் நூல் போட்டுப் புருவம் எடுக்கிறவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். தன் கைக்கு ஈடாக மெட்டில்டா ஒப்புக்கொள்கிற கை ஒன்றே ஒன்றுதான். அது லின் மேடத்தின் கை. அந்தக் கை இப்போது கனடாவில் இருக்கிறது.

லின் மேடம் கல்கத்தாவில் பிறந்த சீனப் பெண்மணி. ஊட்டியில் சேரிங் கிராஸுக்குக் கொஞ்சம் தள்ளி பார்லர் வைத்திருந்தார். தேயிலை ஃபேக்டரியில் தூசு தின்று இருமிக்கொண்டிருந்த மெட்டில்டா, தரையில் விழும் முடியைக் கூட்டுகிற வேலைக்குத்தான் அங்கே போனாள். கூட்டினாள், துண்டு துவைத்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு சீசன் நேரத்தில் மேடம் காய்ச்சலில் படுத்துவிட, காத்திருந்த ஏழு பெண்களையும் தானே உட்காரவைத்துப் புருவம் திருத்தி அனுப்பினாள். ஒருத்திகூடக் குறை சொல்லவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று மேடம் கேட்டதற்கு, "எனக்குக் கண்ணு இருக்குதுங்களே மேடம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பார்லர் லீவு. அன்று மத்தியானம் மேடம் வீட்டில் படம். ஹாங்காங்கிலிருந்து தம்பி அனுப்பும் விசிடிகள், எல்லாம் பழைய சீன நாடகப் படங்கள். ஒரு தட்டில் முன்பாதி, இன்னொரு தட்டில் பின்பாதி. முக்கால்வாசி பாட்டுத்தான். வெண்கலத் தாம்பாளத்தைப் போட்டு அடிப்பது போலச் சத்தம் எழும். ராணி, தன் கையைவிட இரண்டு முழம் நீளமான சட்டைக் கையை உதறி உதறி அழுவாள். ஒருவன் கையில் குஞ்சம் வைத்த சாட்டை இருந்தால் அவன் குதிரைமேல் வருகிறான் என்று அர்த்தம், குதிரை இருக்காது. கதவும் இருக்காது. இரண்டு கையாலும் காற்றைத் தள்ளிக் காலைத் தூக்கி வைத்தால் வாசற்படி தாண்டியாயிற்று.

மேடத்தின் தமிழ் தந்தி மாதிரி. "மெட்டில்டா, பாரு. சிவப்பு மூஞ்சி, நல்லவன். வாக்கு மாறாது. வெள்ளை மூஞ்சி, திருடன். சிரிக்கும், குத்தும்."

அந்தத் தந்திகளை வைத்துக்கொண்டு மெட்டில்டா கதை கட்டினாள். "வேலைக்காரி, பாவம்" என்று மேடம் விட்டுவிட்ட இடத்தில், அந்த வேலைக்காரிக்கு வாய் கொடுத்தாள், வீம்பு கொடுத்தாள், பேரும் கொடுத்தாள். எல்சா. கோத்தகிரியில் இருக்கும் தன் தங்கையின் பேர். மேடம் கனடாவிலிருக்கும் மகளிடம் போனபோது, ஒன்பது படங்களையும் மெட்டில்டாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு குன்னூரில் சொந்தக் கடை. நூல் போடும்போது கண்ணில் நீர் முட்டும். அதை மறக்கடிக்க மெட்டில்டா கதை சொல்வாள். இரண்டு புருவமும் முடிந்த பிறகும் எழ மனமில்லாமல், "அக்கா, மேலுதடும் எடுத்துருங்க" என்று படுத்தே கிடந்த பெண்கள் உண்டு. கதை முடிகிற வரைக்கும் படுத்திருப்பார்கள்.

கீர்த்திவாசன் அப்படித்தான் கதையில் விழுந்தார். கேரள எல்லையை ஒட்டிய ஸ்ரீமதுரைப் பக்கத்துக்காரர், ஊட்டியில் குடியிருந்து ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். உலகத்துக் கலைகளைப் பற்றிப் பேச ஒரு யூடியூப் சேனலும் வைத்திருந்தார். மனைவியைக் கூட்டிவந்து வாசல் நாற்காலியில் காத்திருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கமிருந்து கதை காதில் விழுந்தது. மூன்றாவது முறை மனைவி இல்லாமலே வந்தார்.

"அம்மா, உங்ககிட்ட பொக்கிஷமே இருக்குதுங்க. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணிக்கறேன்."

படித்தவர் கேட்கிறாரே என்று மெட்டில்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு மாதத்தில் எட்டுக் கதை சொன்னாள். அவர் வரும்போதெல்லாம் கடையில் வேலை செய்யும் சரிதா இஞ்சி டீ வாங்கி வந்தாள்.

அந்தச் சரிதாதான் ஒருநாள் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, நம்ம சார் பேசறாரு, பாருங்க."

கோட்டுப் போட்டு, பின்னால் புத்தக அலமாரி வைத்து, கீர்த்திவாசன் பேசிக்கொண்டிருந்தார். "பத்து வருட ஆய்வில் நான் தேடிக் கண்டெடுத்த கதை இது. இதில் வரும் பணிப்பெண்ணின் பெயர் எல்-ஸா. சீன மொழியில் 'எல்' என்றால் விடியல், 'ஸா' என்றால் பனித்துளி."

சரிதா சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் போனில் கோத்தகிரிக்குப் போனது. "அப்ப நான் விடியக்காலத்துப் பனித்துளியாக்கா?" என்றாள் எல்சா. "எங்க ஊட்டுக்காரர் இத்தன வருசமா பன்னின்னுதான் கூப்பிடறாரு."

மெட்டில்டா சிரிக்கவில்லை. எட்டு வீடியோவையும் வரிசையாகப் போடச் சொல்லி உட்கார்ந்து கேட்டாள். அவள் கதை, அவள் நக்கல், ராணி அழும் இடத்தில் அவள் நிறுத்தும் நிறுத்தம்கூட அப்படியே இருந்தது. அவள் பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

அடுத்த முறை அவர் மனைவியோடு வந்தபோது நேரே கேட்டாள். கேட்கும்போதே கையில் வேலை. நூலின் ஒரு முனை பல்லில், நாற்காலியில் அவர் மனைவி.

"ஏனுங்க சார், எட்டுக் கதையிலயும் நம்ம பேரு வரக் காணமே?" என்று கேட்டுவிட்டு மறுபடி நூலைக் கடித்தாள்.

கீர்த்திவாசன் சங்கடப்படவில்லை. அன்பாகவே சொன்னார். அதுதான் மெட்டில்டாவுக்குப் பின்னால் நினைத்து நினைத்து எரிந்தது. "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கேக்கறவங்க பெரிய பெரிய ஆளுங்க. மூணாங்கிளாஸ் படிச்ச, புருவம் எடுக்கற அம்மா சொன்னதுன்னா யாருங்க மதிப்பாங்க? சிரிப்பாங்க. கதை வெளிய போச்சுதே, அதை நெனச்சுச் சந்தோஷப்படுங்க."

வாயில் நூல். பதில் சொல்ல வேண்டுமானால் நூலை விட வேண்டும்; விட்டால் அந்தப் பெண்ணின் புருவம் கோணும். ஆத்திரத்துக்கு அந்தப் புருவத்தையே மழித்துவிட்டிருக்கலாம். மெட்டில்டா செய்யவில்லை. தொழில் வேறு, வஞ்சம் வேறு. இரண்டாவது புருவத்தை வில் மாதிரி முடித்து, பவுடர் துடைத்து அனுப்பினாள். அதற்குள் அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கூட்டிய முடிக்கும், தின்ற தூசுக்கும் யாரும் பேர் போட வேண்டாம். ஆனால் இந்தக் கதைகள் அவள் வாயிலிருந்து பிறந்தவை. அவற்றைத் தன் பிள்ளைகள் என்று ஒருவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதா?

நாலாவது வாரம் டீ குடிக்கும்போது திடீரென்று சொன்னாள். "சரிதா, நல்லதுக்கெல்லாம் அந்தாளு தன் பேரைத்தானே சொல்றான்? தப்புல மாட்டுனா யாரு பேரைச் சொல்லுவான்?"

சரிதாவுக்குப் புரியவில்லை. மெட்டில்டாவுக்குப் புரிந்துவிட்டது.

அந்த மாதமே வாய்ப்பு தானாக வந்தது. குன்னூரில் ஒரு மன்றத்தார் சீன நாடகப் படம் ஒன்றைத் திரையிட்டு, காட்சிக்குக் காட்சி தமிழில் விளக்கக் கீர்த்திவாசனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவரிடம் படம் கிடையாது. நடந்தது எதுவும் நினைவில் இல்லாதவர் போல மெட்டில்டாவிடமே படம் கேட்டு வந்து நின்றார்.

மெட்டில்டா அவருக்கு டீ வாங்கித் தரச் சொன்னாள். ஒன்பதாவது படத்தின் முதல் தட்டை எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டாவது தட்டு கீறலா இருக்குதுங்க சார், தொடைக்கக் குடுத்திருக்கேன். அன்னிக்கு நேரா மண்டபத்துக்கே கொண்டாந்தர்றேன். கதையை இப்பவே முழுசாச் சொல்லிடறனுங்க."

அது ஒரு ராஜாவின் இரண்டு தளபதிகளின் கதை. ராஜா சாகிறான், கைக்குழந்தையோடு ராணி தனித்து நிற்கிறாள். சிவப்பு முகத் தளபதி அவளைக் காக்க உயிரை விடுகிறான். வெள்ளை முகத் தளபதி சிம்மாசனத்தைப் பிடிக்கிறான். மெட்டில்டா அதை அப்படியே தலைகீழாகச் சொன்னாள். வெள்ளை முகம் காப்பவன், சிவப்பு முகம் துரோகி. முதல் தட்டில் வெள்ளை முகம் ராஜாவுக்குக் கிண்ணம் நீட்டுவது மருந்து என்றாள். சிவப்பு முகம் அழுவது நடிப்பு என்றாள்.

ஒரு சந்தேகம் கேட்டிருந்தால்கூட அவள் தடுமாறியிருப்பாள். கீர்த்திவாசனோ சந்தோஷமாகத் தொடையில் தட்டிக்கொண்டார். "கரெக்ட்டுங்கம்மா! எங்க பக்கம் சின்ன வயசுல விடிய விடியக் கதகளி பாத்திருக்கேன். அதுலயும் சிவப்புத் தாடி கெட்டவன், வெள்ளைத் தாடி நல்லவன். கலைக்கெல்லாம் வேர் ஒண்ணுதான்."

"படிச்சவங்க சொன்னாச் சரிதானுங்க" என்றாள் மெட்டில்டா.

அந்தச் சனிக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பொய் சொன்னதைச் சொன்னாள். மனஸ்தாபப்படுகிறாயா என்று சாமியார் கேட்டார். "இன்னும் இல்லீங்க சாமி" என்று உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

திரையிடல் ஞாயிறு மாலை நாலு மணிக்கு. நூறு பேருக்குக் குறையாத கூட்டம். கீர்த்திவாசனின் சேனலில் நேரலையும் போய்க்கொண்டிருந்தது. மெட்டில்டா நீலப் பட்டுடுத்தி, இரண்டாவது தட்டைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டு, நாலாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

முன்பாதி பிரமாதமாகப் போனது. அவர் குரல் நல்ல குரல்தான். கைதட்டினார்கள். பின்பாதி தொடங்கியது.

"இதோ, ராணியைக் காக்க வெள்ளை முகத் தளபதி வருகிறார்!" என்றார் மைக்கில்.

திரையில் வெள்ளை முகம் வந்தான். ராணியை உதைத்துத் தள்ளினான். குழந்தையைப் பிடுங்கித் தூக்கி எறிந்தான்.

முன்வரிசையில் டக்ளஸ் என்று ஒரு பெரியவர், ரிட்டையரான எஸ்டேட் மேனேஜர். "ஏனுங்க சார்," என்றார் உரக்க, "காப்பாத்தறதுக்கா கொழந்தையக் கீழ வீசறான்?"

"அது... அது ஒரு குறியீடு" என்றார் கீர்த்திவாசன்.

அடுத்து சிவப்பு முகத் தளபதி ஓடிவந்து, விழுந்த குழந்தையின்மேல் தன் உடம்பைக் கவிழ்த்து, முதுகில் அம்புகளை வாங்கிக்கொண்டு செத்தான். வெள்ளை முகம் சிம்மாசனத்தில் ஏறி வயிறு குலுங்கச் சிரித்தான்.

"குறியீடு செத்துப் போச்சுங்க சார்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

கீர்த்திவாசன் அவசரமாகக் கையிலிருந்த பேப்பரைப் புரட்டினார். பேப்பரில் இருந்ததும் அதே கதைதான். கடைசியில் மைக்கை இறுகப் பிடித்துச் சொன்னார். "மன்னிக்கணும். என் தப்பு இல்லீங்க. எனக்குக் கதையைத் தப்பாச் சொல்லிட்டாங்க. இங்க குன்னூர்ல பார்லர் வெச்சிருக்கற மெட்டில்டாங்கற அம்மா, அவங்க சொன்னதை நம்பித்தான்..."

இத்தனை மாதமாகக் காத்திருந்த பேர் மைக்கில் வந்து விழுந்தது. மெட்டில்டா எழுந்தாள்.

"நாந்தானுங்க மெட்டில்டா. இந்தக் கதையத் தப்பாச் சொன்னதும் நாந்தான். வேணும்னேதான் சொன்னேன். வெள்ளை மூஞ்சி திருடன்னு எனக்கு நல்லாத் தெரியும். இந்த ஒண்ணு தப்பாப் போச்சு, உடனே நான் சொன்னதுங்கறாரு. அப்ப சரியாப் போன அந்த எட்டும் யாரு சொன்னதுன்னு அவரையே கேளுங்க."

சிரிப்பு நின்றது. திரையில் தாம்பாளச் சத்தம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"கேக்கறோமுங்க" என்றார் டக்ளஸ். "சார், யாரு சொன்னது?"

"அவங்கதான்."

"மைக்குல சொல்லுங்க சார்."

"மெட்டில்டா அம்மாதான். எட்டும் அவங்க சொன்னதுதான்."

மெட்டில்டா அதோடு விடவில்லை. மேடைக்குப் போய் மைக்கை வாங்கி, படத்தை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. முதல் காட்சியில் வெள்ளை முகம் கிண்ணத்தோடு வந்தபோது, திரையைப் பார்க்காமல் கீர்த்திவாசன் உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்துத்தான் சொன்னாள்: "பாத்துக்கங்க. இவன் இனிக்க இனிக்கப் பேசுவான். கிண்ணத்துல இருக்கறது வெசம்."

பத்து நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். கல்யாண சீசன், கூட்டம். ஆறு பேருக்கு முடியும்வரை வாசல் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். டீ சொல்லவில்லை. ஏழாவது ஆளாக உள்ளே கூப்பிட்டாள்.

"எட்டு வீடியோலயும் உங்க பேரைப் போட்டர்றனுங்கம்மா" என்றார்.

"போட வேண்டாமுங்க. எழுத்த யாரு படிக்கறா? ஒவ்வொண்ணுலயும் மொதல்ல உங்க வாயால சொல்லோணும். மூணாங்கிளாஸ் படிச்ச, புருவம் எடுக்கற மெட்டில்டா அம்மா சொன்ன கதைன்னு. யாரு சிரிக்கறாங்கன்னு பாப்போம்."

தலையாட்டினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த ஒன்பதாவது, நேரலையில போனது... அதை மட்டும் அழிச்சிடட்டுங்களா?"

"அழிக்கக் கூடாதுங்க."

"அம்மா, காலேஜுல பசங்க என்னையப் பாத்தாலே 'குறியீடு'ங்கறாங்க. அதுல என் மானமே போகுதுங்களே!"

"அதுக்குத்தானுங்க இருக்கோணும்" என்றாள் மெட்டில்டா. "சரிதா, அடுத்த ஆளை வரச் சொல்லு."