துப்பாக்கி மருந்துக்குக் கொசுறு

ஐம்பதுகளின் நடுவில், திருவொற்றியூரில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ராயபுரத்தில் அப்பாவின் மளிகைக் கடையில் எடை போட்டே வளர்ந்தவள் நான். காலடிப்பேட்டையில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடித்தனம் வந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். சாப்பாடு நன்றாக இருந்தால் ஒரு "உம்", இல்லாவிட்டாலும் அதே "உம்". அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ரைஃபிள். எண்ணூர்ப் பக்கம் மணல்வெளியில் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே ரைஃபிள்களைப் பழுது பார்த்துக் கொடுப்பவர் என்பதால் இவரையும் சுட விட்டார்கள். சீமைத் தோட்டா சுலபமாகக் கிடைக்காத காலம். சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளைச் சங்கத்தின் அனுமதியோடு வீட்டுக்குக் கொண்டு வந்து, மறுபடி மருந்து அடைத்து, முனையில் ஈய ரவையைப் பொருத்துவார்.

ஒரு நாள், "கடைக்காரர் பொண்ணாச்சே நீ, மருந்த எட போட்டுத் தரியா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பட்டறையிலிருந்து வந்த பிறகு, வெளிச்சம் இருக்கும்வரைதான் வேலை. மருந்துக்குப் பக்கத்தில் விளக்கு கூடாதே. நகைத் தராசில் நான் எடை போட்டுக் கொடுப்பேன், அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அடைப்பார். பேச்சு மூச்சு கிடையாது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காலையிலிருந்தே காத்துக் கிடப்பேன்.

அந்தத் தோட்டாக்களைச் சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்கு என்னையும் கூட்டிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே கிளம்பியதே அதுதான் முதல் தடவை. கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன் என்றால் பாருங்களேன்! சங்கத்துப் போட்டியில் சொந்தத் தோட்டாவாலேயே சுட வேண்டும் என்பது அவர் ஆசை. மருந்து ஒரே சீராக இருந்தால் எல்லா ரவையும் ஒரே இடத்தில் போய் விழ வேண்டுமாம். மணல் மூட்டைமேல் ரைஃபிளை வைத்து நிதானமாகச் சுட்டார். நெட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர், இவருடைய தோஸ்து, குறிவைத்த தாளைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா இது? ஒண்ணு மேல கீது, ஒண்ணு கீழ கீது! ஏணி வச்சா மாதிரி இல்ல கீது!"

இவர் மீதித் தோட்டாக்களைச் சுடவில்லை. பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இனிமே நானே எட போட்டுக்கறேன்" என்றார். போட்டி போனால் போகட்டும், எனக்கென்று இருந்த ஒரு மணி நேரமும் போய்விட்டதே!

மறுநாள் சாயங்காலம் அவர் தனியாக உட்கார்ந்து, மீதித் தோட்டாக்களைப் பிரித்து, மருந்தைக் கொட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கூப்பிட்டார்.

"இங்க வா. ஒண்ணுகூட கொறையல, அல்லாமே கூடத்தான் கீது. எங்க, ஒரு தபா எட போட்டுக் காட்டு."

போட்டேன். இரண்டு தட்டும் சமமாக நின்றன. அப்புறம் என் விரல்கள் தாமாகவே இன்னொரு சிட்டிகை எடுத்து மேலே போட்டன.

"இன்னா அது?"

"கொசுறுங்க. வெறும் எடையோட நிறுத்தினா நல்லாவா இருக்கும்?"

மனிதர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குமுன் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. மருந்து ரொம்பக் கூடிப்போனால் ரைஃபிளே வெடித்து முகத்தில் அடிக்கும் என்று சொன்னார். தராசை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

"எங்க போற? ஒக்காரு. நீயே போடு. நான் பாத்துகினு கீறேன்."

அன்று முதல் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். கை சிட்டிகைக்குப் போனால் விரலை லேசாகத் தட்டுவார். மூச்சுக் காற்றுக்கே தட்டு ஆடும் என்று இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அப்புறம் ஒன்றாக விடுவோம். சிரிப்பு வந்துவிடும். மெல்ல மெல்லப் பேச்சும் வந்தது. அடுத்த முறை எண்ணூரில் சுட்டபோது தாளில் விழுந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் என் உள்ளங்கையால் மூடிவிட முடிந்தது. போட்டியில் அவர் ஜெயிக்கவில்லை. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

அவர் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. பிள்ளைகள் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் வெயில் சாய்கிற நேரத்தில் மனசு ஒரு நிலையில் நிற்பதில்லை. தப்புச் செய்த கையை விலக்கிவிடாமல், அதற்கு எதிரே வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாரே அந்த மனிதர், இன்னும் ஒரே ஒரு சாயங்காலம் அப்படி வந்து உட்கார மாட்டாரா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.