பெரட்டில் கூப்பிட்ட எண்

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன வருடத்தில்தான் எனக்கு வங்கி அட்டை கிடைத்தது. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் விமானம் ஏறினாள். அவள் அனுப்புவதெல்லாம் ஹட்டனில் இருந்த என் கணக்கில் விழுந்தது.

அட்டைக்கு நான்கு இலக்கத்தில் இரகசிய எண் வேண்டும், மறக்காத எண்ணாக இருக்கட்டும் என்றார் வங்கியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அம்மா. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் என் எண் இருநூற்றுப் பதினான்கு. அதை நான் மறக்க வழியே இல்லை. முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினில் பணம் எடுக்கப் போனபோது பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாராவது பின்னால் நின்றால் எனக்குக் கை ஓடாது.

"அண்ணே, உள்ளயே குடியேறப் போறீங்களா?" என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். பணம் வந்ததும் உருவிக்கொண்டு, தலை நிமிராமல் நடந்து மஸ்கெலியா பஸ்ஸில் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டைப் பையில் அட்டை இல்லை.

பஸ்ஸில் விழுந்ததா, வழியில் விழுந்ததா தெரியவில்லை. எண் தெரியாமல் யாராலும் எடுக்கமுடியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை வேலைக்கு வந்தவர்களை எண் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இருநூத்திப் பதிமூணு!"

"ஐயா!"

"இருநூத்திப் பதினாலு!"

என் வாய் திறக்கவில்லை. பதினைந்து வருடமாகத் தினமும் தோட்டத்துக்கே கேட்கும்படி கூவுகிற எண். நேற்று என்னோடு பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள்.

"இருநூத்திப் பதினாலு! ஆளு நிக்குது, உசிரு எங்கப்பா?"

"அவரு உசிரு குவைத்துலங்க ஐயா!" என்றாள் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி. களமே சிரித்தது.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவன் பையில் இருக்குமோ, அவள் கூடையில் இருக்குமோ என்று பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"வயித்து வலிங்க ஐயா" என்று பொய் சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். பஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டி வளைந்து வளைந்து போனது. கைகாட்டிய இடமெல்லாம் நின்றது. குவைத்தில் யாரோ வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பவளிடம் என்ன சொல்வேன் என்று நினைக்க நினைக்க, சொன்ன பொய் போலவே வயிறு வலிக்கத் தொடங்கியது.

வங்கியில் அதே அம்மா இருந்தார்.

"என்ன, இப்பிடி வேர்த்துக் கொட்டுது?"

"அட்டை காணாமப் போச்சுங்கம்மா."

அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்தார். "இஞ்ச கிடக்கு. நீங்கள் எடுக்காமல் போனதால மெஷின் உள்ளுக்க இழுத்துப் போட்டுது. காசு அப்பிடியே இருக்கு."

அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"நம்பர் வேற ஆருக்கும் தெரியுமோ?"

"தோட்டத்துக்கே தெரியுங்கம்மா."

விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "உடன மாத்துங்கோ. எனக்கும் சொல்லாதேங்கோ." மெஷினிடம் கூட்டிப்போய், எந்தப் பொத்தான் என்று காட்டிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

லயத்தின் எண், என் மனைவியின் பழைய செக்ரோல் எண் என்று மனதில் வந்ததெல்லாம் ஊருக்கே தெரிந்தவை. வெகுநேரம் நின்றேன். பின்னால் யாரோ இருமினார். இருமட்டும் என்று நின்றேன். கடைசியில் ஓர் எண்ணை அழுத்தினேன். அதை மனைவிக்கும் சொல்லவில்லை. அட்டை வெளியே வந்ததும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன்.

அடுத்த நாள் பெரட்டில் என் எண் வந்தது.

"ஐயா!" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் குரல் கொடுத்ததே இல்லை. கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாப்பா, வயித்து வலி போயிருச்சா?"

"போயிருச்சுங்க."