மூன்று போனுக்கு ஒரே கணக்கு

எம்.ரெட்டியபட்டியில் ரேணுகாதேவி என்றால் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். சிலிண்டர் கொண்டுவருகிறவர் எடை போட்டுக் காட்டாமல் அவள் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூச்சியத்துக்கு வந்ததைத் தன் கண்ணால் பார்த்தால்தான் மகன் வண்டியின் மூடியைத் திறக்க விடுவாள். கோயிலில் கொடுக்கிற திருநீற்றைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள் என்று அவள் கணவன் அழகுராஜா சொல்வான். அதில் பாதி உண்மை. சந்தேகப்பட்டதால் தனக்கு இதுவரை எந்த நட்டமும் வந்ததில்லை என்பது அவள் கட்சி.

அருப்புக்கோட்டையில் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் சேலை மொத்தக் கடையில் போனில் ஆர்டர் எடுப்பது அவள் வேலை. சேலத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் கடைக்காரர்கள் கூப்பிட்டு, உடல் இந்த நிறம், கரை இந்த நிறம், இத்தனை கட்டு என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு நிறம் மாறினாலும் லோடு திரும்பி வந்துவிடும். அவள் எடுத்த ஆர்டரில் ஒன்றும் திரும்பியதில்லை. அந்தக் கடையில் அவள் நம்பிய ஆள் ஒருத்திதான், பில் போடுகிற பௌசியா. பௌசியாவின் கணவன் சகாபுதீன் சவூதியில் இருந்தான். மத்தியானம் சேலைக் கட்டுகளுக்கு நடுவே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிடும்போது ரேணுகாதேவிக்கு வலது பக்கம்தான் பௌசியாவின் இடம்.

இடது காது எப்போது மந்தமானது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் கை வலிக்கிறதே என்று போனைக் காது மாற்றி வைத்தாள். எதிரில் பேசியவர் காணாமல் போய்விட்டார். லைன் கட்டாகிவிட்டதாக நினைத்து வைத்துவிட்டாள். உடனே நாகர்கோவில்காரர் மறுபடி கூப்பிட்டு, "ஏம்மா, பேசிக்கிட்டு இருக்கும்போதே வைக்கிற?" என்று சத்தம் போட்டார்.

இது அண்ணாச்சிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த தங்கச்செல்விக்குக் கண்ணில் புரை விழுந்தபோது அண்ணாச்சி ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. "வீட்டில இருந்து உடம்பப் பாரும்மா" என்று இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்பினார். ஆபரேஷன் முடிந்து, கண் தெளிந்து தங்கச்செல்வி திரும்பி வந்தபோது அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். கண் மங்கியதற்கே ஆள் மாற்றியவர், காது மந்தமானால் போனை இவள் கையில் விட்டுவைப்பாரா? இந்த வேலை போனால் ஊரில் பருத்தி எடுக்கத்தான் போகவேண்டும். மகன் கோகுல் படிப்பு இன்னும் முடியவில்லை.

டாக்டரிடம் போகவும் பயம். காது டாக்டர் இருப்பது கடைத்தெருவிலேயே. அங்கே பெஞ்சில் போய் உட்கார்ந்தால் தகவல் அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போய்விடும். ஆகவே அவள் போனிடம் கேட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, திரையை முந்தானையால் மறைத்துக்கொண்டு, 'ஒரு காது மட்டும் கேட்காமல் போவது ஏன்' என்று தேடினாள். அது அடுக்கிய நோய்களைப் படித்ததும் நல்ல காதும் சேர்ந்து அடைத்துக்கொண்டது போலிருந்தது. மனசு தாங்காமல் பௌசியாவிடம் மட்டும் சொன்னாள்.

"எங்கயும் மூச்சு விட்றாத."

"அல்லா அறிய யார்ட்டயும் சொல்லமாட்டேன்க்கா. ஆனா டாக்டர்ட்டப் போங்க."

அழகுராஜா தூத்துக்குடியில் லோடு ஏற்றி ஓட்டுகிற லாரி டிரைவர். வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான், மற்ற நாளெல்லாம் போனில்தான் குடும்பம். அந்த வாரம் அவன் பேசியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. "சாப்பிட்டியா ரேணு?" என்பதையே ஏலம் விடுகிறவன் மாதிரிக் கத்தினான்.

"ஏன் இப்பிடிக் கத்துறீக?"

"இங்க டவர் இல்ல."

வீட்டுக்கு வந்த பிறகும் கத்தினான். வீட்டுக்குள் என்ன டவர் வேண்டிக்கிடக்கிறது? கோகுல் அவன் பங்குக்கு அடுப்படிக்குள் வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்று, "அம்மா. காபி. வேணும்" என்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். வாய் பேசப் பழகிய நாளிலிருந்து மூஞ்சியைப் பார்த்துப் பேசாத பிள்ளை. ரேணுகாதேவிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

யார்? தெரிந்தது ஒருத்திக்குத்தான். சகாபுதீன் சவூதி போவதற்கு முன்பு அழகுராஜாவோடு ஒரே லாரியில் ஓடியவன். இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். பௌசியா புருசனிடம் சொல்லியிருக்கிறாள், அவன் இவனிடம் சொல்லியிருக்கிறான். அருப்புக்கோட்டையில் ரகசியமாகச் சொன்னது சவூதிக்குப் போய் எம்.ரெட்டியபட்டிக்குத் திரும்பி வந்திருக்கிறது. கணக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. சிலிண்டரைத் திரும்பத் திரும்ப எடை போடத் தெரிந்தவளுக்கு, இதை இன்னொரு தடவை எடை போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் பௌசியா டிபன் பாக்ஸைத் திறந்ததுமே ரேணுகாதேவி ஆரம்பித்தாள். "உன்னய நம்பி வாயத் தொறந்தேன் பாரு, என்னயத்தான் சொல்லணும்."

"என்னக்கா ஆச்சு?"

"எங் காதப் பத்தி ஒம் மாப்பிள்ளைட்ட சொன்னியா இல்லையா?"

பௌசியா கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள். "அவுக அங்க ஒத்தையில கெடந்து பதறுவாகன்னு எம் பல்வலியவே நான் சொன்னதில்ல. ஒங்க காதையா சொல்லப்போறேன்?"

"பின்ன காத்து வந்து சொல்லுச்சாக்கும்."

பௌசியா பாக்ஸை மூடினாள். சாப்பிடாமல் எழுந்து போய்த் தன் மேசையில் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து 'அக்கா' போய் 'மேடம்' வந்தது. "மேடம், சேலம் பில்லு" என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவள் மேசை ரேணுகாதேவிக்கு இடது பக்கம். பாதி காதில் விழவில்லை. இத்தனை நாளாக ஒரு சின்ன விஷயம் சொல்வதென்றாலும் பௌசியா எழுந்து, சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, தோளைத் தொட்டுச் சொல்வாள். அது வெறும் பழக்கமில்லை என்று ரேணுகாதேவிக்கு அப்போதுதான் உறைத்தது. மனசு சுருக்கென்றது. இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒருநாள் கோயம்புத்தூர்ப் பக்கம் லாரி ஓடுமா ஓடாதா என்று பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி. அவள் தன் போனில் செய்தியைத் திறந்து காட்ட, செய்திக்குக் கீழே ஒரு பெரிய காது வந்து நின்றது. 'காது கேட்கும் கருவி, சலுகை விலையில்.'

"இது யாருக்கும்மா?"

"எங்க மாமியாருக்கு அண்ணாச்சி" என்றாள். மாமியார் செத்து எத்தனையோ வருசமாயிற்று. அவசரத்துக்கு அந்த அம்மாவை எழுப்பிக் காதையும் செவிடாக்கிவிட்டாள். அண்ணாச்சி "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பாவம் என்றது யாரை என்று அவள் அன்று முழுக்க யோசித்தாள். அண்ணாச்சிக்கும் பௌசியாவே சொல்லியிருந்தாலும், இந்தப் போனுக்கு யார் சொன்னது?

சாயங்காலம் பஸ்ஸில் போனை எடுத்து, இந்த விளம்பரத்தை ஒழிப்பது எப்படி என்று கேட்பதற்காகத் தேடுகிற கட்டத்தைத் தொட்டாள். பழைய தேடல்கள் வரிசையாக வந்து விழுந்தன. 'அரியர் எழுதக் கடைசித் தேதி.' இதை அவள் தேடவில்லை. 'தூத்துக்குடி பைபாஸ் டயர் கடை.' இதுவும் அவளுடையதில்லை. அதற்கும் கீழே, 'காது மந்தமான மனைவியிடம் எப்படிப் பேசுவது.'

அந்த வரியை அவள் எத்தனை தடவை படித்தாளோ, ஊர் வந்தது தெரியவில்லை. பஸ் கிளம்பிய பிறகு எழுந்து கத்தி நிறுத்தி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் வேலைக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் இன்பராஜிடம் போய் நின்றாள். அவர்கள் வீட்டு மூன்று போனும் அவன் விற்றதுதான்.

"ஆமாக்கா, மூணுக்கும் ஒரே கணக்குத்தான் போட்டுக் குடுத்தேன்" என்றான் அவன், பெருமையாகவே. "தனித்தனியாப் போட்டா பாஸ்வேர்ட மறந்துட்டு எங்கிட்டத்தான வந்து நிப்பீக? ஒங்க ஊர்ல பாதி வீட்டுக்கு இப்பிடித்தான்."

"அப்ப நான் தேடுறது அவுக போன்லயும் தெரியும்?"

"ஒரே கணக்குன்னா தெரியத்தானக்கா செய்யும்."

ரேணுகாதேவி கடைக்கு வந்திருந்தவர்கள் முன்னால் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் போனை மட்டும் பிரித்துத் தனிக் கணக்காக்கினான். அத்தோடு விட்டால் அவள் ரேணுகாதேவி இல்லை.

"இனிமே வீட்டுக்குத் தெரியாது. அந்தக் கம்பெனிக்குத் தெரியும்ல?"

"தெரியும். நீங்க தேடுறத வச்சுத்தான் விளம்பரம் காட்டுவாக. சேத்து வைக்காதன்னு நிப்பாட்டியும் வைக்கலாம்."

"நிப்பாட்டிட்டாகன்னு யாரு போய்ப் பாத்தது?"

இன்பராஜ் தலையைச் சொறிந்தான். பிறகு வாத்துப் படம் போட்ட வேறொரு தேடுபொறியைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். "இது நீங்க யாரு, என்ன தேடுனீகன்னு சேத்து வைக்காதுன்னு சொல்றாக."

"சேத்து வைக்காம அவுக எப்பிடிப் பொழைக்கிறாக?"

"அதுலயும் விளம்பரம் வரும்க்கா. நீங்க அந்நேரம் தேடுற வார்த்தைக்கு ஏத்தது மட்டும் வரும். பெறகு பின்னாலயே தொரத்தாது."

ரகசியம் காப்பேன் என்று போர்டு மாட்டுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவள் எண்ணம். ஆகவே தன் வழியில் ஒரு சோதனை வைத்தாள். பழையதில், வாழ்நாளில் தனக்குத் தேவைப்படாத ஒன்றைத் தேடினாள்: குதிரைச் சேணம். வாத்தில், தேனீ வளர்க்கும் பெட்டி. பிறகு பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில், சமையல் குறிப்பைத் திறந்தால் சேணம் வந்தது, மழை நிலவரம் பார்த்தால் கடிவாளம் வந்தது. தேனீப் பெட்டி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாத்திடம் குறையும் உண்டு. 'காது டாக்டர்' என்று மட்டும் போட்டால் சென்னை, டெல்லி என்று எங்கெங்கோ காட்டியது. அருப்புக்கோட்டை என்று சேர்த்து எழுதினால்தான் ஊருக்கு வந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்றே இதற்குத் தெரியவில்லையே என்று நினைத்தாள். தெரியாததுதான் அவளுக்குப் பிடித்தது. பழையதை எடுத்துவிட்டு வாத்தையே வைத்துக்கொண்டாள்.

அழகுராஜா வந்த அன்று நேராகக் கேட்டாள். "எங் காது சங்கதி தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா, யாரு சொன்னான்னு ஊரக் கூட்டி விசாரணை வைப்ப" என்றான். இன்னமும் கத்தித்தான் பேசினான். "போனு சொல்லுச்சுன்னா நம்புவியா நீ?"

அவளுக்குப் பௌசியா மூடி வைத்த டிபன் பாக்ஸ்தான் கண்ணுக்குள் நின்றது. பாவி மகள் நான் என்று தன்னைத்தானே வைதுகொண்டாள்.

மன்னிப்புக் கேட்க நினைத்த நாளெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. தீபாவளிச் சரக்கு ஓடுகிற நேரம், கடைக்குள் நிற்க இடமில்லை. அண்ணாச்சி எதிரிலேயே சேலத்து வியாபாரியோடு உட்கார்ந்திருந்தார். போன் சற்று ஓய்ந்த வேளையில், ரேணுகாதேவி தன் நாற்காலியில் இருந்தபடியே இடது பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்.

"பௌசி, நீ சொல்லல. போனுதான் காட்டிக்குடுத்துருச்சு. தப்பு எம்மேலதான். மன்னிச்சிரு."

பில் மிஷின் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. பௌசியா குனிந்த தலை நிமிராமல் ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. சரி என்றாளா, போ என்றாளா, ஒன்றும் தெரியவில்லை. சொல்லிவிட்டு அவள் அடுத்த பில்லை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி உட்கார்ந்து வலது காதைக் கொடுக்கலாம். கொடுத்தால் எதிரில் இருக்கிற அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், காதில் விழுந்தும் பேசாமல் இருக்கிறாள் என்று பௌசியா நினைப்பாள். வீட்டுக்கு மறைத்து, கம்பெனிக்கு மறைத்து, வாத்தைச் சோதித்துக் காப்பாற்றி வைத்திருந்த ரகசியம் இப்போது குறுக்கே நின்றது. போனால் போகட்டும் வேலை என்று எழுந்தாள்.

"பௌசி, எனக்கு எடது காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தாள். காது மந்தமானவர்கள் குரல் அவர்கள் நினைப்பதைவிடப் பெரிது. சேலை மடித்த கைகள் நின்றன. சேலத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மறுபடி குனிந்துகொண்டார். அவர் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ரேணுகாதேவி அதை இன்றுவரை நம்பவில்லை.

பௌசியா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, தோளைத் தொட்டாள்.

"டாக்டர்ட்டப் போனீகளா இல்லையான்னு கேட்டேன்க்கா."